வண்டி இறக்கிவிட்ட பிறகு

கள், ஊன், தேன் மூன்றையும் இல்லறத்தார் விலக்க வேண்டும் என்றது சமணம். அந்தச் சமணம் தழைத்த ஜினகாஞ்சிதான், காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றம். குடியை விலக்கச் சொல்வதற்கு நம்மிடம் நீண்ட மரபு உண்டு. விலக முடியாமல் விழுந்தவரை எங்கே கொண்டுபோவது என்ற கேள்விக்கான வரலாறோ மிகச் சிறியது. அதைப் பெரும்பாலும் பெண்களே சுமந்திருக்கிறார்கள்.

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. காஞ்சியில் பிறந்த அண்ணா முதல்வராக இருந்தபோதும் மதுவிலக்கு நீடித்தது. 1971இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. பின்னர் மீண்டும் வந்தது, மீண்டும் போனது. 2003இல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் வழியாக அரசே கையில் எடுத்தது. இந்தக் காலம் முழுவதிலும் அரசின் கண்ணுக்குக் குடிப்பவர் குற்றவாளி அல்லது வாடிக்கையாளர். அவரை நோயாளியாகப் பார்த்துக்கொண்டது வீடு. அதாவது மனைவி, தாய், மகள். பட்டுத்தறி வீட்டில் இது நேரே பிழைப்பைத் தொடும். கோர்வைச் சேலைக்குத் தறியில் இருவர் வேண்டும். நெய்பவர் எழவில்லை என்றால் தார் சுற்றித் தரும் பெண்ணின் உழைப்பும் வீணாகும்.

குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். அங்கே குடிப்பவரோடு குடும்பத்துக்கும் சிகிச்சையில் இடம் தரப்பட்டது. ‘உன்னால்தான் குடிக்கிறான்’ என்று கேட்டே பழகிய பெண்களுக்கு அது பெரிய மாற்றம்.

அண்ணா நூற்றாண்டு தொடங்கிய 2008 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை வந்தது. நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் வலிப்பு வரலாம், பிதற்றல் வரலாம். ‘பேய் பிடித்திருக்கிறது’ என்று ஊர் சொல்லும் வேளையில், இது மருத்துவ அவசரம் என்று சொல்லக்கூடிய முதல் ஆள் அந்த வண்டியில் வரும் மருத்துவ உதவியாளர்தான். காவலரைப் போலன்றி, அவரை வீட்டுக்குள் விடக் குடும்பம் தயங்குவதில்லை. ஆனால் அவசரப் பிரிவில் இறக்கிவிடுவதோடு அவர் பணி முடிகிறது. வலிப்பு நின்றதும் நோயாளி வீடு திரும்பினால், அடுத்து எங்கே போவது என்று தேடுவது மறுபடியும் பெண்ணின் வேலை.

சட்டம் இதைவிட முன்னே போயிருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைக்கிறது. அதன் 94ஆம் பிரிவின்படி, அவசர சிகிச்சை என்பது அருகிலுள்ள மனநல நிலையத்துக்குக் கொண்டுசெல்வதையும் சேர்த்ததே. 2022 அக்டோபர் முதல் டெலி-மானஸ் உதவி எண் 14416 இருக்கிறது. அமெரிக்காவின் சில ஊர்களில் ஆம்புலன்ஸ் குழுவினரே ஓப்பியம் வகைப் போதையின் உயிராபத்தை முறிக்கும் நலாக்ஸோனை வீட்டில் கொடுத்துவிட்டுச் சிகிச்சை மையத்தோடும் தொடர்புபடுத்துகிறார்கள்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இறந்தவர்களில் பெண்களும் உண்டு. குடிப்பவர் ஆண், அழுபவர் பெண் என்ற நம் கணக்கில் அவர்களுக்கு இடமே இல்லை. குடிக்கும் பெண் மயங்கி விழுந்தால், மானத்துக்கு அஞ்சி 108ஐ அழைக்கவே வீடு யோசிக்கும். ஆகவே நாம் கேட்க வேண்டியது இது: வண்டியிலிருந்து இறக்கும்போதே, நோயாளி ஆணானாலும் பெண்ணானாலும், அடுத்த சிகிச்சை எங்கே, யாரைப் பார்ப்பது என்பது எழுதித் தரப்பட வேண்டும். அதைத் தேடி அலைவது வீட்டுப் பெண்ணின் கடமையாக இனியும் இருக்கக் கூடாது.