தேவசித்தம் அறிதல்: இஞ்ஞாசியாரும் ஜார்ஜ் முல்லரும்

வரன் வந்தால், “ஜெபித்துவிட்டுச் சொல்கிறோம்” என்பது நம் கிறிஸ்தவ வீடுகளின் வழக்கமான பதில். வெளிநாட்டு வேலையோ, வீடு வாங்குவதோ, மகன் குருமடம் போவதோ, எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். ஜெபத்துக்கும் முடிவுக்கும் நடுவே என்ன நடக்க வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை, கண்ணை மூடித் திறந்த வேதாகமப் பக்கம், ஊழியர் ஒருவர் சொன்ன வார்த்தை என்று கைக்குக் கிடைத்தது அடையாளமாகிவிடுகிறது.

இந்த இடைவெளியை ஆழமாக ஆராய்ந்தவர்கள் இருவர். ஒருவர் இயேசு சபையை நிறுவிய கத்தோலிக்கர், லொயோலா இஞ்ஞாசியார் (1491–1556). மற்றவர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர் (1805–1898). ஜெர்மனியில் பிறந்து, பிரதரன் சபையாரோடு ஊழியம் செய்தவர். சபையிலும் காலத்திலும் தூரமான இந்த இருவரும் ஒரே தவறில் தொடங்கி, ஏறக்குறைய ஒரே முறைக்கு வந்து சேர்ந்தார்கள்.

அடையாளம் கேட்ட நாட்கள்

1521-இல் பாம்ப்லோனா போரில் பீரங்கிக் குண்டு இஞ்ஞாசியாரின் காலை முறித்தது. படுக்கையில் மனம் மாறிய அந்தப் போர்வீரர், அடுத்த ஆண்டு மான்செராட் நோக்கிக் கோவேறு கழுதையில் போனார். வழியில் ஒரு மூர் இனத்தவர் மரியாளின் கன்னிமையை மறுத்துப் பேசிவிட்டு முன்னே சென்றுவிட்டார். அவரைத் துரத்திக் குத்துவதா, விட்டுவிடுவதா என்று இஞ்ஞாசியார் தவித்தார். முடிவை விலங்கிடம் விட்டார். பாதை பிரியும் இடத்தில் கடிவாளத்தைத் தளர்த்தினார். அது அந்த மனிதர் போன ஊரின் அகன்ற பாதையை விட்டு, நெடுஞ்சாலையில் நடந்தது. ஓர் உயிர் தப்பியது.

முல்லர் 1825-இல் ஹாலே நகரில் மாணவராக இருந்தபோது மனந்திரும்பினார். மிஷனரியாகப் போகும் ஆசை வந்தது; தந்தை மறுத்தார். தேவசித்தம் அறிய அவர் வாங்கியது அரசு லாட்டரிச் சீட்டு! பரிசு விழுந்தால் போவது, விழாவிட்டால் இருப்பது என்று தீர்மானித்தார். சிறு தொகை விழுந்தது. உடனே பெர்லின் மிஷனுக்கு விண்ணப்பித்தார். தந்தையின் சம்மதம் இல்லாததால் அவர்கள் ஏற்கவில்லை.

இருவருமே பிற்காலத்தில் தம் வரலாற்றில் இந்த நிகழ்ச்சிகளை மறைக்காமல் பதிவுசெய்தார்கள். இருவருமே இந்த வழிக்குத் திரும்பவில்லை.

ஒன்றுபடும் இடங்கள்

முதல் ஒற்றுமை, தொடக்கப்புள்ளி. தன் விருப்பத்தைத் தளர்த்தாதவன் தேவசித்தத்தைக் கேட்கவே முடியாது என்பது இருவரின் துணிபு. நலமோ நோயோ, செல்வமோ வறுமையோ, எதையும் முன்கூட்டியே பற்றிக்கொள்ளாத மனநிலையை இஞ்ஞாசியார் கேட்கிறார். முடிவெடுக்க வேண்டிய காரியத்தில் தனக்கென்று ஒரு விருப்பமும் இல்லாத நிலைக்கு மனதைக் கொண்டுவருவதே முல்லரின் முதல் படி. பெரும்பாலான சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடுகிறது என்பது அவர் அனுபவம்.

இரண்டாவது, எல்லை. நல்லவற்றுக்குள் அல்லது தீங்கில்லாதவற்றுக்குள் மட்டுமே தேர்வு செய்யலாம் என்று இஞ்ஞாசியார் வரையறுத்தார். வேதத்துக்கு முரணாக ஆவியானவர் நடத்தமாட்டார் என்றார் முல்லர். ஆகவே, வரதட்சணை வாங்கலாமா என்று ஜெபிக்கத் தேவையில்லை. அதற்குப் பதில் ஏற்கெனவே தரப்பட்டுவிட்டது.

மூன்றாவது, அறிவைப் பயன்படுத்துவது. 1845 அக்டோபர் இறுதியில், அநாதை இல்லங்கள் இருந்த வில்சன் தெருவில் குடியிருந்த ஒருவர், அவற்றால் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு என்று முல்லருக்குக் கடிதம் எழுதினார். முல்லர் அதைப் புறக்கணிக்கவில்லை. உடனே ‘இதுதான் தேவ அடையாளம்’ என்று இடத்தைக் காலிசெய்யவும் இல்லை. இடம் மாறுவதற்கான காரணங்களையும் அங்கேயே இருப்பதற்கான காரணங்களையும் எழுதினார். விளையாட இடம் போதவில்லை, பையன்கள் பயிரிட்டுப் பழக நிலம் இல்லை என்பவை ஒரு பக்கம். கட்டடத்துக்கு ஆகும் பெருஞ்செலவு மறுபக்கம். பிறகு ஜெபத்தில் காத்திருந்தார். ஜெபிக்கத் தொடங்கிய 36-ஆம் நாள், டிசம்பர் 10 அன்று, ஆயிரம் பவுண்டு காணிக்கை வந்தது. 1849-இல் ஆஷ்லி டவுனில் முதல் கட்டடம் திறக்கப்பட்டது.

இஞ்ஞாசியாரும் அதையே செய்தார். இயேசு சபையின் ஆலயங்களுக்கு நிலையான வருமானம் இருக்கலாமா என்ற கேள்வியில், சாதக பாதகங்களை எழுதிவைத்து, 1544-இல் நாற்பது நாள் தன் மனநிலையை நாட்குறிப்பில் பதிந்தார். முடிவு தெளிந்த பிறகும் மேலும் மேலும் உறுதி தேடியபோது, அதுவே தன் விருப்பத்தைத் தேடுவது என்று கண்டு நிறுத்திக்கொண்டார். வருமானம் வேண்டாம் என்பதே தீர்வு.

பிரியும் இடம்

வேறுபாடு உணர்வுகளைப் பற்றியது. நோய்ப்படுக்கையில் இஞ்ஞாசியார் ஒன்றைக் கவனித்தார். வீரசாகசக் கனவுகள் இனித்தன, ஆனால் முடிந்தபின் மனம் வறண்டது. புனிதர்களைப் போல் வாழும் எண்ணமோ முடிந்தபின்னும் மகிழ்ச்சியை விட்டுச்சென்றது. இந்தக் கவனிப்பே அவருடைய ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலின் வேர். 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அதற்கு ஒப்புதல் தந்தார். ஆறுதலும் வறட்சியும் மாறிமாறி வருவதை வாசிக்கப் பழகினால் இறைவன் இழுக்கும் திசை தெரியும் என்பது அவர் போதனை. கூடவே கடுமையான விதி ஒன்றும் வைத்தார்: வறட்சியில் இருக்கும்போது முன்பு எடுத்த முடிவை மாற்றாதே.

முல்லருக்கு உணர்வின்மேல் நம்பிக்கை குறைவு. வெறும் உணர்ச்சிக்கும் மனப்பதிவுக்கும் முடிவை விட்டால் ஏமாந்துபோக நேரும் என்று எச்சரித்தார். வேதவசனம், ஜெபம், கர்த்தர் அமைக்கும் சூழ்நிலைகள் மூன்றையும் சேர்த்துப் பார்த்துத் தீர்மானித்தார். பின்னும் சில முறை ஜெபித்து, மனதில் சமாதானம் நிலைத்தால் நடந்தார். கவனியுங்கள்: கடைசியில் அவரும் ஒரு மனநிலையைத்தான் பார்க்கிறார். ஆனால் அதை முதலில் அல்ல, இறுதியில் கேட்கிறார்.

வழிகாட்டியிலும் வேறுபாடு உண்டு. இஞ்ஞாசியாரின் முறையில் ஒரு வழிகாட்டி அவசியம். ஆனால் அவர் எந்தப் பக்கமும் சாயாமல் தராசின் முள்போல் நடுவில் நிற்க வேண்டும். துறவறமே நல்லது என்றுகூடத் தூண்டக் கூடாது. முல்லருக்கு அப்படி ஒரு வழிகாட்டி இல்லை. மனைவியோடும் உடன் ஊழியரோடும் ஜெபித்தார். பணத்தேவையைக்கூட மனிதரிடம் கேட்பதில்லை என்று உறுதியாக இருந்தார்.

நம் மண்ணில் இவ்விரு மரபும்

இரண்டு முறைகளும் தமிழகத்தைத் தொட்டவை. 1540-இல் இந்தியாவுக்கு இஞ்ஞாசியார் முதலில் தேர்ந்தவர் தம் தோழர் சவேரியார் அல்லர், இன்னொரு தோழரான பொபதில்யா. அவர் நோயில் விழுந்ததால் சவேரியார் கிளம்பினார். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவரே 1545-இல் மயிலாப்பூரில் தோமாவின் கல்லறையருகே மாதக்கணக்கில் தங்கி, கிழக்கே போவதா என்று ஜெபித்துத் தெளிந்து மலாக்காவுக்குக் கப்பலேறினார். மறுபுறம், முல்லரின் மைத்துனர் அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ் 1830-களில் இந்தியா வந்தார். அவரோடு பழகிய திருநெல்வேலிச் சீமை ஊழியர் அருளப்பன், மிஷன் சம்பளமின்றி விசுவாசத்தால் வாழத் தீர்மானித்து, 1840-இல் கிறிஸ்தியான்பேட்டையில் குடியேறினார்.

எது நமக்கு?

திருமணமா துறவறமா, ஆசிரியர் பணியா முழுநேர ஊழியமா என்று இரண்டு நல்லவற்றுக்கு நடுவே நிற்பவருக்கு இஞ்ஞாசியாரின் முறை ஆழமானது. பணமும் இடமும் பொறுப்பும் சேர்ந்த காரியங்களில், உணர்ச்சிவசப்படும் இயல்புள்ளவருக்கு முல்லரின் வரிசை பாதுகாப்பானது. ஆனால் இருவரும் சேர்ந்து கண்டிக்கும் ஒன்று நம் நடுவில் பரவலாக இருக்கிறது. பெற்றோர் விரும்பும் வரனை ‘தேவசித்தம்’ என்று சொல்லிப் பெண்ணின் வாயை அடைப்பதும், ‘கர்த்தர் எனக்குச் சொன்னார்’ என்று ஒருவர் அடுத்தவர் வாழ்க்கையை முடிவுசெய்வதும் இருவர் முறைக்கும் எதிரானவை. தேர்வு செய்ய வேண்டியவர் தாமே இறைவன் முன் நிற்க வேண்டும். மற்றவர் ஜெபிக்கலாம், கேள்வி கேட்கலாம், அவ்வளவுதான்.

ஆகவே, அடுத்த முறை ஒரு பெரிய முடிவு உங்கள் முன் வரும்போது, அட்டை எடுக்கும் முன் ஒரு தாளை எடுங்கள். இரு பக்கக் காரணங்களையும் மறைக்காமல் எழுதுங்கள். முன்பின் தெரியாத ஒருவர் இதே நிலையில் வந்தால் என்ன ஆலோசனை சொல்வீர்கள் என்று இஞ்ஞாசியார் கேட்பதைக் கேட்டுப்பாருங்கள். ஜெபித்துக் காத்திருங்கள், சோர்ந்த நாளில் மட்டும் முடிவெடுக்காதீர்கள். தெளிவு வந்தபின் மறுபடி அடையாளம் கேட்காமல், நடக்கத் தொடங்குங்கள்.