அறிவிப்பாளர் யார்?



2022 ஜூலை 3 அன்று காரைக்காலில் பொது சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையை நாடியிருந்தனர். பள்ளிகள் மூன்று நாள் மூடப்பட்டன. கோட்டுச்சேரியில் நாமும் குழந்தைகளுக்குக் கொதித்தாறிய நீரையே பார்த்துப் பார்த்துக் கொடுத்தோம்.

வயிற்றுப்போக்கு பல கிருமிகளால் வரும். அவர்களுள் சிலருக்கு வந்தது காலரா என்று உறுதி செய்தது ஆய்வுக்கூடப் பரிசோதனையே. அறிகுறிகளைக் கேட்டு மட்டும் அதனைத் திட்டமாகக் கூறிவிட இயலாது.

அதே ஆண்டு நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானது. இன்று நள்ளிரவில் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு கண்டால், பலர் முதலில் கேட்பது கைபேசியிடமே. அவ்விடையை எவ்வளவு நம்பலாம்? இக்கேள்விக்கு நம் வரலாற்றில் இரு படிப்பினைகள் உள்ளன.

ஒரு பயணத்தில், தலையில் காயமுற்ற ஒருவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்ய அனுமதி உண்டா என்று தோழர்களிடம் வினவினார். அவர்கள் அறியாமலேயே 'இல்லை' என்றனர். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்து, அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்று உணர்த்தினார்கள். இது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அங்கே தீர்ப்புச் சொன்னவர்கள் தீயவர்கள் அல்லர். தெரியாததைத் தெரிந்ததுபோல் கூறியதே உயிரைப் பறித்தது.

மற்றொன்று உமர் (ரலி) அவர்களின் ஷாம் பயணம். அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாக ஸர்ஃக் என்னுமிடத்தில் தெரியவந்தது. முஹாஜிர்களையும் அன்ஸாரிகளையும் கலந்தாலோசித்தார்கள். கருத்து வேறுபாடே எழுந்தது. பின்னர் குறைஷி முதியோரின் ஆலோசனைப்படி திரும்ப முடிவெடுத்தார்கள். அப்போது வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), நோய் பரவிய ஊருக்குள் செல்லவும் வேண்டாம், அங்கிருந்து தப்பி வெளியேறவும் வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்களிடமே தாம் கேட்டதை அறிவித்தார்கள். உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள். அச்செய்திக்குப் பின்னால், பொறுப்பேற்று நிற்கும் ஒரு மனிதர் இருந்தார்.

கைபேசி உரையாடிக்கு அத்தகைய இஸ்னாத் இல்லை. எழுதப்பட்டவை கோடிக்கணக்கில் ஊட்டப்பட்டு, அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்துக் கோக்கும் கருவி அது. பலமுறை சரியாகவே கூறும். தவறும்போதும் அதே உறுதியான குரலில் கூறும். பிள்ளையின் கண் குழிந்திருப்பதை நாம் சொல்லாவிட்டால் அதற்குத் தெரியாது. உப்பு–சர்க்கரைக் கரைசலுக்கு ஒரு லிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தேவை. உப்பின் அளவு மிகுந்தால் குழந்தைக்கு ஆபத்து. வைரஸால் வரும் வயிற்றுப்போக்குக்கு ஆன்டிபயாட்டிக் பயன்படாது.

ஆகவே, மருத்துவர் கூறியதை விளங்கிக்கொள்ள அதனிடம் கேளுங்கள். மருந்தைத் தீர்மானிக்கக் கேட்காதீர்கள். சிறுநீர் குறைந்தாலோ, பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, கைபேசியை வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஆஃபியத்தை அருள்வானாக. ஆமீன்.