கொச்சியில் எதைக் காணச் செல்கிறோம்?

விடுமுறைக் காலம் நெருங்கும்போது நம் பங்குகளிலும் அன்பியங்களிலும் பயணத் திட்டங்கள் உருவாவது இயல்பு. வேளாங்கண்ணி, பூண்டி, ஓரியூர் என நாம் நன்கறிந்த திருத்தலங்களோடு, வரலாற்றில் ஆர்வமுள்ள அன்பர்கள் கொச்சி நகரையும் சேர்த்துக்கொள்வதுண்டு. சேர்க்கத் தகுந்த நகரந்தான். ஆயினும் எதைக் காணப் போகிறோம் என்ற தெளிவோடு சென்றால், கொச்சி நமக்குச் சொல்லும் செய்தி வேறாக இருக்கும்.

1341இல் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளம் பழம்பெரும் கொடுங்கல்லூர்த் துறைமுகத்தைத் தூர்த்து, கொச்சியின் கடல்வாயைத் திறந்துவிட்டது என்பர். மிளகு வணிகம் மெல்ல இங்கே இடம்பெயர்ந்தது. 1500ஆம் ஆண்டு டிசம்பரில் கப்ரால் தலைமையில் போர்ச்சுக்கீசியக் கப்பல்கள் இங்கு வந்தன. 1503இல் கோட்டை எழுந்தது. ஐரோப்பியர் இந்திய மண்ணில் எழுப்பிய முதல் கோட்டை அதுவே.

அக்கோட்டைக்குள் எழுந்த ஆலயங்களின் கதையைப் பயணத்திற்கு முன்பே அறிந்துகொள்ள வேண்டும். இன்று புனித பிரான்சிஸ் ஆலயம் என அழைக்கப்படுவது பிரான்சிஸ்கன் துறவியர் கட்டியது. 1524ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய நாள் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமா இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். சில ஆண்டுகளுக்குப்பின் அவருடைய எச்சங்கள் போர்ச்சுகலுக்குக் கொண்டு செல்லப்பட்டன. கல்லறை இருந்த இடத்தை இன்றும் காட்டுகின்றனர். 1663இல் நகரைக் கைப்பற்றிய டச்சுக்காரர் இவ்வாலயத்தைத் தம் சீர்திருத்தச் சபைக்கு உரியதாக்கினர். ஆங்கிலேயர் வந்தபின் அது ஆங்கிலிக்கன் ஆலயமாயிற்று. இன்று தென்னிந்தியத் திருச்சபையின் வசம் உள்ளது.

திருச்சிலுவைப் பேராலயத்தின் கதை இன்னும் கடுமையானது. திருத்தந்தை நான்காம் பவுல் கொச்சியை மறைமாவட்டமாக உயர்த்தியபோது அது ஆயரின் பேராலயமாயிற்று. 1606இல் மயிலாப்பூர் தனி மறைமாவட்டமாகும் வரை, சோழமண்டலக் கரையும் கொச்சி ஆயரின் ஆளுகையில்தான் இருந்தது. டச்சுக்காரர் அப்பேராலயத்தை ஆயுதக் கிடங்காக்கினர். 1795இல் நகரைப் பிடித்த ஆங்கிலேயர் அதை இடித்துத் தள்ளினர். இன்று நாம் காணும் ஆலயம் 1905இல் அர்ச்சிக்கப்பட்டது. 1984இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. அதன் உட்புறத்தை அழகுசெய்த இயேசு சபைச் சகோதரர் அந்தோனியோ மொஸ்கேனி, அர்ச்சிப்புக்குச் சில நாள்களுக்கு முன் இறந்துபோனார். பழைய பேராலயத்தின் கருங்கல் தூண் ஒன்றை வளாகத்தில் நிறுத்தி வைத்துள்ளனர். அவசரமாகக் கடந்து செல்வோர் கண்ணில் அது படுவதில்லை.

பிறர் நமக்குச் செய்ததை மட்டும் நினைவில் வைப்பது நேர்மையாகாது. மட்டாஞ்சேரியில் 1653ஆம் ஆண்டு ஜனவரியில் புனித தோமையார் வழிக் கிறிஸ்தவர்கள் சிலுவையிலிருந்து நீட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு, இயேசு சபையாரின் ஆளுகையை இனி ஏற்பதில்லை எனச் சூளுரைத்தனர். அதே மட்டாஞ்சேரியில், 1568இல் யூதர் கட்டிய தொழுகைக்கூடம் 1662இல் போர்ச்சுக்கீசியரால் சேதமுற்றது. அதைச் சீர்படுத்த உதவியவர்கள் டச்சுக்காரர்கள். ஆலயத்தை இழந்த வேதனையை அறிய வேண்டிய நாமே பிறர் தொழுமிடத்தைக் காக்கத் தவறினோம் என்பதும் அந்நகரின் வரலாறே.

இனி, தமிழ்க் கத்தோலிக்கர் என்ற முறையில் கொச்சிக்கும் நமக்கும் உள்ள உறவைப் பார்ப்போம். அது மூன்று நிகழ்ச்சிகளில் அடங்கும். அம்மூன்றுக்கும் அங்கே பெரிய கட்டடம் ஏதும் இல்லை.

முதலாவது திருமுழுக்கு. முத்துக்குளித்துறைப் பரதவர்கள், முத்து வணிகத்தில் கடற்கரை முஸ்லிம் வணிகரோடு ஏற்பட்ட மோதலால் நிலைகுலைந்திருந்த காலம் அது. குதிரை வணிகரான ஜோவாம் தெ குருஸ் என்பவரின் ஆலோசனைப்படி, 1535-36இல் அவர்களின் தலைவர்கள் கொச்சிக்குச் சென்று போர்ச்சுக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டனர்; திருமுழுக்கும் பெற்றனர். அதன்பின் குருக்கள் நம் கரைக்கு வந்து பல்லாயிரம் பேருக்குத் திருமுழுக்கு அளித்தனர். அந்நாளில் பாதுகாப்பு நாடியதும் நம்பிக்கை கொண்டதும் பின்னிக்கிடந்தன. இதை மறைக்கத் தேவையில்லை. இதற்காக வெட்கப்படவும் வேண்டியதில்லை. தொடக்கம் எத்தகையது என்பதைவிட, பின்னர் அது எவ்வாறு வேரூன்றியது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இரண்டாவது ஒரு மடல். 1542இல் நம் கரைக்கு வந்த புனித சவேரியார், 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து உரோமையிலுள்ள தம் தோழருக்கு எழுதினார். திருமுழுக்கு அளித்தே கைகள் ஓய்ந்துபோனதை அதில் கூறுகிறார். அதைவிட முக்கியமான செய்தி ஒன்றும் அதில் உண்டு. மன்றாட்டுகளைத் தமிழ் அறிந்தோர் துணையோடு தமிழாக்கி, மனப்பாடம் செய்து, ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார். ஓர் ஊரைவிட்டுப் புறப்படும்போது அவற்றின் எழுத்துப்படியையும் அங்கே விட்டுச் சென்றார்.

மூன்றாவது ஒரு நூல். இயேசு சபை அருள்பணியாளர் அன்றீக்கே அன்றீக்கசு தமிழில் மொழிபெயர்த்து 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பலரும் அறிந்தது. அடுத்த ஆண்டே அவருடைய ‘கிரிசித்தியானி வணக்கம்’ கொச்சியில் அச்சாயிற்று. தரங்கம்பாடி அச்சுக்கூடம் தோன்றுவதற்கு நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன், தமிழெழுத்து கொச்சியில் அச்சேறியது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இம்மூன்றின் பயன் 1658இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தனர். ஆலயங்கள் கைமாறின; குருக்கள் விலக்கப்பட்டனர். பாதுகாப்புக்காக மட்டும் மக்கள் திருமுழுக்குப் பெற்றிருந்தால், காப்பாற்றியவர்கள் தோற்றவுடன் புதிய ஆட்சியாளரின் சபையில் சேர்ந்திருப்பார்கள். மிகப் பெரும்பாலோர் சேரவில்லை. கட்டடம் பறிபோன பின்னும், ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தாய்மொழியில் சொல்லிப் பழகிய மன்றாட்டுகள் அவர்கள் நாவில் இருந்தன.

ஆகவே கொச்சிக்குத் திட்டமிடுவோருக்குச் சில யோசனைகள். எர்ணாகுளத்திலிருந்து படகில் கோட்டைக் கொச்சிக்குச் செல்லுங்கள். நம் தலைவர்கள் கண்ட கடல்வாய் அவ்வழியில் தெரியும். புனித பிரான்சிஸ் ஆலயத்தையும் பசிலிக்காவையும் அடுத்தடுத்துப் பாருங்கள். தூணருகே சிறிது நேரம் நில்லுங்கள். மட்டாஞ்சேரிக்குச் சனிக்கிழமை செல்ல வேண்டாம். யூதர்களின் ஓய்வுநாளில் தொழுகைக்கூடம் மூடப்பட்டிருக்கும். மாலையில் கடற்கரையில் அனைவரும் அமர்ந்து, நம்பிக்கை அறிக்கையைத் தமிழில் சேர்ந்து சொல்லுங்கள்.

அதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. உடன் அழைத்துச் செல்லும் பிள்ளைகளுக்கு அந்த மன்றாட்டு மனப்பாடமாகத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். தெரியாவிட்டால், பயணச்சீட்டு வாங்குமுன் சொல்லிக்கொடுங்கள். சவேரியார் அதை ஊர் ஊராகச் செய்தார். நமக்கு நம் வீடு போதும்.