ஒரு சுட்டுப்பெயர் எழுப்பிய வழக்கு

2002-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர் ஏறத்தாழ 18 இலட்சம் பேர் பி.எஸ்.ஏ.டி. என்னும் தேர்வை எழுதினர். கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு அஃதொரு முன்னோட்டம். தேசியத் தகுதி உதவித்தொகை பெற விரும்புவோர்க்கு அதுவே வாயிலும் ஆகும். ஆதலின் அதில் ஒரு மதிப்பெண் கூடுவதும் குறைவதும் சிறு செய்தியன்று.

அத்தேர்வின் மொழிப் பகுதியில் ஒரு வாக்கியம் கொடுக்கப்பட்டிருந்தது. 1993-இல் நோபல் பரிசு பெற்ற கறுப்பின நாவலாசிரியை டோனி மோரிசனைப் பற்றியது அது. மோரிசனுடைய மேதைமை, தம் இனத்தார் பட்ட அநீதிகளினின்று பிறந்து அவற்றையே எடுத்துரைக்கும் நாவல்களைப் படைக்க அவருக்கு வகை செய்கிறது என்பது அதன் கருத்து. வாக்கியத்தின் சில பகுதிகளுக்கு அடிக்கோடிட்டு, பிழை எங்கே என்று கேட்டிருந்தனர். 'பிழை இல்லை' என்பதும் ஒரு விடை. தேர்வு நடத்தியோர் சரியென்று குறித்து வைத்திருந்ததும் அதுவே.

மேரிலாந்து மாநிலத்து ஆசிரியர் ஒருவர் இதனை மறுத்தார். 'மோரிசனுடைய' என்பது ஆறாம் வேற்றுமை. அது மேதைமைக்கு அடையாக நிற்கிறதேயன்றித் தனிப்பெயராக நிற்கவில்லை. 'அவருக்கு' என்னும் சுட்டுப்பெயர் சுட்டுவதற்கு அங்கே பெயரே இல்லை. ஆகவே அது பிழை என்பது அவர் வாதம். இவ்விதி அவர் கற்பித்துக்கொண்டதன்று. அமெரிக்க மொழிநடைக் கைந்நூல்கள் சிலவற்றில் உள்ளதுதான். தேர்வு நடத்தியோர் முதலில் உடன்படவில்லை. கடிதங்கள் சென்றன, வந்தன.

தமிழாசிரியர்க்கு இவ்வாதம் வியப்பளிக்கும். 'கண்ணனுடைய அறிவு அவனைக் காத்தது' என்று ஒரு மாணவன் எழுதினால் நாம் திருத்துவோமா? ஆங்கிலேயரும் நூற்றாண்டுகளாக இவ்வாறே எழுதி வந்திருக்கின்றனர். பிறகு இவ்வழக்கு எழுந்தது எங்ஙனம்? அதனை அறிய ஆங்கிலத்தின் பழைய நிலையைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைக்கொள்வதற்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் பெயருக்கும் அதன் அடைக்கும் வேற்றுமை, பால், எண் காட்டும் ஈறுகள் இருந்தன. எந்த அடை எந்தப் பெயருக்கு உரியது என்பதை ஈறே காட்டிவிடும். இரண்டும் சற்று விலகி நின்றாலும் தீங்கில்லை. அடுத்த நான்கு நூற்றாண்டுகளில் அவ்வீறுகளிற் பெரும்பாலன தேய்ந்து மறைந்தன. ஈறு செய்த வேலையை இடம் செய்யலாயிற்று. இன்றைய ஆங்கிலத்தில் அடை, தனக்குரிய பெயரின் அருகே நின்றால்தான் பொருள் தெளிவாகும். இடம் பெயர்ந்த அடை வழுவாகக் கருதப்பட்டமைக்கு அடிப்படை இதுவே.

இவ்வகையில் மிகப் பெயர் பெற்றது தொங்கும் எச்சம். வாக்கியத்தின் முதலில் ஓர் எச்சத் தொடர் வரும். அதன் வினைமுதலோ பின்வரும் எழுவாயாக இராது. சேக்சுபியரின் 'ஹேம்லட்' நாடகத்தில், மாண்ட மன்னனின் ஆவி தன் சாவைப் பற்றி ஊரார்க்குச் சொல்லப்பட்ட பொய்யை எடுத்துரைக்கிறது. தோட்டத்தில் உறங்கியவன் மன்னன், தீண்டியதோ பாம்பு. ஆனால் சேக்சுபியர் அமைத்த வாக்கியத்தை இலக்கணப்படி பிரித்தால் உறங்கியதும் பாம்பே என்றாகும். நானூறு ஆண்டுகளாக நாடகம் பார்ப்போர் எவரும் பாம்பு உறங்கியதாகக் கொண்டதில்லை. இன்றைய தேர்வில் அவ்வாக்கியம் வந்தால் மட்டும் அதனைப் பிழையென்று காட்டியே ஆகவேண்டும்!

நம் இலக்கணிகள் இதே சிக்கலைக் கையாண்ட முறை நினைக்கத்தக்கது. தொல்காப்பிய வினையியல், செய்து, செய்யூ, செய்பு என்னும் மூன்று எச்சங்களும் தம் வினைமுதலின் வினையைக் கொண்டே முடியும் என்கிறது. அதே மூச்சில், அவை சினைவினையாய் வரின் முதலின் வினையோடு முடிதலும் உண்டு என்று வழி விடுகிறது. 'கை முறிந்து வீழ்ந்தான்' என்பதில் முறிந்தது கை, வீழ்ந்தது அவன். அது வழுவன்று. வழு, வழாநிலை என்னும் இரண்டோடு வழுவமைதி என்ற மூன்றாவதும் நமக்குண்டு. ஆங்கில வாக்கியத் திருத்தத் தேர்வில் இல்லாதது இந்த மூன்றாவதே.

அத்தேர்வின் மூலம் 18-ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. பின்னாளில் இலண்டன் பிஷப்பான இராபர்ட் லௌத், 1762-இல் ஒரு சிறு இலக்கணம் வெளியிட்டார். சேக்சுபியர், மில்டன், சுவிஃப்ட் முதலியோரின் வாக்கியங்களை எடுத்து, அவற்றில் உள்ள வழுக்களை அடிக்குறிப்பிற் காட்டினார். அமெரிக்காவிற் பிறந்து இங்கிலாந்தின் யார்க் நகரில் வாழ்ந்த லிண்ட்லி மர்ரே, 1795-இல் வெளியிட்ட இலக்கணத்தைப் பள்ளிக்கு ஏற்றதாக அமைத்தார். 1797-இல் பயிற்சி நூலும் அதற்கு விடை நூலும் வந்தன. பக்கம் பக்கமாகப் பிழையான வாக்கியங்கள். மாணவன் திருத்த வேண்டும். அட்லாண்டிக்கின் இருகரையிலும் பல தலைமுறைகள் இதிற் பயின்றன. அமெரிக்கரான கூல்ட் பிரௌன் 1851-இல் வெளியிட்ட பேரிலக்கணத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள். முந்திய இலக்கண ஆசிரியர்களையே அவர் வரிசையாக நிறுத்திப் பிழை கண்டார். பிழை காண்பதில் அவ்வளவு ஆர்வம் அம்மனிதருக்கு!

ஆயினும் அந்தப் பழைய முறையில் ஒரு நன்மை இருந்தது. மாணவன் திருத்தினால் மட்டும் போதாது. எந்த விதியால் திருத்தினான் என்றும் சொல்ல வேண்டும். காரணம் வெளிப்பட்டது. விதி தவறென்றால் வகுப்பிலேயே வழக்காடவும் இயன்றது. 1880-களில் ஹார்வர்டு கல்லூரி தன் நுழைவுத் தேர்வில் பிழையான வாக்கியங்களைத் திருத்தச் சொன்னபோதும் மாணவன் தன் கையால் எழுதியே காட்டினான். விடைகளுள் ஒன்றைக் குறிக்கும் முறை 20-ஆம் நூற்றாண்டில் பரவியதும் இந்நிலை மாறியது. எஸ்.ஏ.டி. தேர்வு 1926-இல் தொடங்கியது. 1974-இல் அதனுடன் எழுத்து ஆங்கிலத்துக்கெனத் தனிச் சோதனை சேர்ந்தது. பி.எஸ்.ஏ.டி.யில் மொழிப் பகுதி 1997-இல் வந்தது. மாணவியர் உதவித்தொகையில் பின்தங்குவதற்கு அத்தேர்வின் அமைப்பே காரணம் என்று அரசிடம் தொடுக்கப்பட்ட முறையீட்டின் விளைவு அது. இவற்றிலெல்லாம் மாணவன் ஒரு வட்டத்தைக் கருமையாக்கினான். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

இங்கே ஒன்றைப் பிரித்துணர்தல் நன்று. மெய்யாகவே பொருளைக் குழப்பும் சுட்டுப்பெயர் உண்டு. 'முருகன் கந்தனிடம் அவன் தேறிவிட்டதாகச் சொன்னான்' என்றால் தேறியவன் யார்? தமிழில் 'தான்' என்னும் சொல் கைகொடுக்கும். ஆங்கிலத்தில் அதற்கு நேரான சொல் இல்லாமையால் வாக்கியத்தையே மாற்றி எழுத நேரும். இதனைத் தேர்வில் கேட்பது தக்கதே. பாம்பு வாக்கியம் போல, இலக்கணத்திற் பிறழ்ந்தும் பொருளிற் பிறழாதவை வேறொரு வகை. சிலர் விதித்தமையால் மட்டுமே பிழையாகியவை மூன்றாம் வகை. 'ஒவ்வொருவரும்' என்னும் பொருளுடைய ஒருமைச் சொல்லைப் பன்மைச் சுட்டால் குறித்தல் சாசரிடமும் சேக்சுபியரிடமும் உள்ள வழக்கு. பின்வந்த இலக்கணிகள் அதனை விலக்கி, ஆண்பாற் சுட்டே இருபாலையும் குறிக்கும் என்றனர். 1850-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டமொழிக்கும் அவ்வாறே விதித்தது. அச்சட்டத்தைக் காட்டி 'ஆடவர் என்றதில் நாங்களும் அடக்கம். வாக்குரிமை தருக' என்று மான்செஸ்டர் பெண்கள் கேட்டபோது, 1868-இல் நீதிமன்றம் இல்லையென்றது.

தேர்வுத்தாளில் இம்மூவகையும் ஒரே பெயரில், பிழை என்ற பெயரில், நின்றன. 'பிழை இல்லை' என்று ஒரு விடையை வைப்பவர், எந்தக் கைந்நூலின் எந்த விதியும் அவ்வாக்கியத்தில் மீறப்படவில்லை என்று பொறுப்பேற்பவராகிறார். மேரிலாந்து ஆசிரியர் பற்றிய இடம் அதுவே. அவர் கைக்கொண்ட விதி நல்ல விதியன்று. ஆயினும் அவ்விதியைக் கற்ற மாணவன் அதன்படி விடையளித்து மதிப்பெண் இழந்தான் என்றால், குற்றம் மாணவனுடையதாகுமா?

2003-ஆம் ஆண்டு மே மாதத்தில் தேர்வு நடத்தியோர் இறங்கி வந்தனர். அவ்வினா நீக்கப்பட்டு விடைத்தாள்கள் மீண்டும் கணக்கிடப்பட்டன. ஏறத்தாழ ஐந்து இலட்சம் மாணவரின் மதிப்பெண் உயர்ந்தது. செய்தித்தாள்கள் இதனைப் பெரிதாக எழுதின. மொழியியலறிஞர் ஜெஃப்ரி நன்பெர்க், வாக்கியத்தில் பிழையே இல்லை என்று 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் வாதிட்டார். வாக்கியத்தைப் பொறுத்தமட்டில் நன்பெர்க் கூற்றே வலியுடையது. வினாவை நீக்கியதும் சரியே. இவ்விரண்டும் முரணல்ல.

அதன்பின் தேர்வுகள் மெல்ல மாறின. 2016-இல் திருத்தியமைக்கப்பட்ட எஸ்.ஏ.டி., தனி வாக்கியங்களை விட்டு, பத்தியைச் செப்பனிடச் சொன்னது. வணிகக் கல்லூரி நுழைவுக்கான ஜிமேட் தேர்வு 2023 நவம்பரில் புத்துருப் பெற்றபோது வாக்கியத் திருத்தப் பகுதியையே விட்டுவிட்டது. எஸ்.ஏ.டி. கணினித் தேர்வாகிய பின் இலக்கண வினாக்களில் ஒரு சிறு பத்தியும் அதில் ஒரு வெற்றிடமும் தரப்படுகின்றன; பொருந்தும் சொல்லை மாணவன் தேர்ந்து நிரப்ப வேண்டும். 'பிழை இல்லை' என்னும் விடை அவ்வினாக்களில் இல்லை.