பால்ஸாக்கின் சிலை

நாவலாசிரியனொருவனுக்குச் சிலையெடுக்க முன்வருவோர் அவன் நூல்களைப் படித்திருப்பர் என எதிர்பார்ப்பது தவறாகாது. பாரிஸ் நகரிற் பால்ஸாக்குக்குச் சிலை எழுந்த கதையை நோக்குமிடத்து, அதுவும் மிகையான எதிர்பார்ப்போ என ஐயுறுகிறோம்.

பணம் மனித உறவுகளை அரித்துத் தின்னும் விதத்தை நாவல் நாவலாக எழுதிக்காட்டிய பால்ஸாக் 1850இல் மறைந்தார். 1891இல், எமிலி ஸோலா தலைவராயிருந்த பிரெஞ்சு எழுத்தாளர் சங்கம், அவர் சிலையை வடிக்கும் பொறுப்பைச் சிற்பி ரோடினிடம் ஒப்படைத்தது. பதினெட்டு மாதங்களில் முடிப்பதாக ஒப்பிய ரோடினுக்கு ஏழாண்டுகள் சென்றன. பால்ஸாக் பிறந்த தூரேன் பகுதிக்குச் சென்று அங்குள்ளோரின் முகங்களை ஆராய்ந்தார். பால்ஸாக்கின் தையற்காரரைத் தேடிப்பிடித்துப் பழைய அளவிலேயே உடுப்புத் தைப்பித்தார். இத்தனைக்கும் பின்னர் அவர் வடித்ததோ, உடல் முழுவதையும் மூடிய ஓர் அங்கியும் அதன்மேல் நிமிர்ந்த தலையுமே. பேனா இல்லை, புத்தகம் இல்லை. அங்கியைப் போர்த்துக்கொண்டு இரவிரவாக எழுதிய உழைப்பாளி அங்கே நின்றார்.

1898இற் சாந்துப் படிவம் காட்சிக்கு வந்ததும் நகைப்பும் வசையும் கிளம்பின. அது பால்ஸாக்கே அன்று எனச் சங்கம் மறுத்தது. பின்னர் பால்கியேர் என்னும் சிற்பியைக் கொண்டு, அமர்ந்த கோலத்தில் வேறொரு சிலையை 1902இல் நாட்டிக்கொண்டது.

அநியாயமாகத் தண்டிக்கப்பட்ட யூதப் படையதிகாரி டிரைபசுக்காக ஸோலா குரலெழுப்பியதும் அதே 1898இலேதான். ரோடினின் சிலையை வாங்க நிதி திரட்டியோரிற் பலர் ஸோலாவின் பக்கத்தவர். அவர்களோடு தம்மையும் சேர்த்தெண்ணிவிடுவரோ என அஞ்சிய ரோடின், நிதியை ஏலாது சிலையைத் தம் மெடோன் இல்லத்துக்குக் கொண்டுசென்றார்.

இவ்விடத்தில் ஏங்கெல்ஸ் 1888இல் எழுதிய கடிதமொன்று நினைவுக்கு வருகிறது. பால்ஸாக்கின் பரிவு பிரபுக்கள்பால் இருந்தும், அவருடைய யதார்த்தவாதம் அப்பரிவை மீறி அவ்வர்க்கத்தின் வீழ்ச்சியைக் காட்டிற்று என்பார் அவர். சிற்பியின் கதையும் இதனை ஒத்ததே. நீதிக்குப் போராடியோருடன் நிற்கத் துணியாத அதே மனிதர்தாம், சங்கத்துக் கனவான்களின் விருப்பத்துக்குச் சற்றும் வளையாத சிலையைப் படைத்தார். அவருடைய அச்சத்தை மன்னிக்க நாம் ஒருப்படோம். அதற்காகச் சிலையை இழக்கவும் ஒருப்படோம்.

ரோடின் 1917இல் இறந்தார். அதை வெண்கலத்தில் வார்த்ததை அவர் காணவில்லை. 1939 யூலையில், உலகப்போர் மூள இரண்டு மாதங்கள் இருக்கையில், பாரிஸ் ரஸ்பாய் வீதியில் அச்சிலை நாட்டப்பட்டது.