வீணையின் மேல் ஒரு காது

கொங்கு நாட்டில் பழைய நாளில் பாட்டுக்கு முதல் இலக்கணம், அது தூரத்துக்குக் கேட்க வேண்டும் என்பதுதான். அண்ணன்மார் கதையை உடுக்கையடித்து இரவு முழுவதும் பாடியவர்கள், கோயில் வெளியில் திறந்த வானத்தின் கீழ்ப் பாடினார்கள். பம்பையும் தப்பட்டையும் ஊர் எல்லைவரை கேட்பதற்கென்றே பிறந்தவை. 1908-ம் ஆண்டில் கொடுமுடியில் பிறந்து ‘கொடுமுடி கோகிலம்’ என்று பெயர் வாங்கிய கே. பி. சுந்தராம்பாளின் குரலும் அந்த மண்ணின் குரல்தான். அவரும் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவும் சேர்ந்து நடித்த நாளில் நாடகக் கொட்டகைகளில் ஒலிபெருக்கி கிடையாது. கடைசி மூலையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் எட்டின குரலே குரல். அதற்காகவே சுருதியை ஏற்றி வைத்துக்கொண்டு பாடினார்கள்.

இந்தக் கணக்கில் தோற்றுப்போன வாத்தியம் ஒன்று உண்டு. அதுதான் வீணை. பலாமரத்தைக் குடைந்து, 24 மெட்டுக்களை மெழுகின் மேல் பதித்து, வாசிப்பதற்கு நாலு தந்திகளும் தாளத்துக்கு மூன்றுமாகக் கட்டிய வாத்தியம் அது. ஒரு முறை மீட்டினால் பிறக்கும் நாதம் சிறிது. கமகம் முடிவதற்குள் அதுவும் தேய்ந்துவிடும். சென்னையில் வீணை தனம்மாள் (1867–1938) வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் வீட்டில் வாசித்ததை, வந்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள் என்பது சங்கீத உலகம் அறிந்த கதை. மகத்தான கலைதான், சந்தேகமில்லை. ஆனால் ஓர் அறைக்குள் அடங்கிய கலை. அந்த அறையில் யாருக்கு இடம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும் அல்லவா?

நிலைமையை மாற்றியது சங்கீதமல்ல, தண்ணீர். 1932-ல் நீலகிரியில் பைகாரா ஆற்றின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். அது மலையிறங்கிக் கோவைக்கு வந்ததும் பஞ்சாலைகள் பெருகின. கிணறுகளில் மோட்டார் இறங்கியது. சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ எழுந்தது. நடிகர்கள் மைக்குக்கு முன்னால் அடக்கிப் பாடக் கற்றுக்கொண்டார்கள். பிறகு மைக் செட் கோயில் நோன்பிக்கும் வந்து சேர்ந்தது. மின்கம்பி எட்டாத ஊர்களில் பாட்டரியை வைத்தாவது கூம்புக் குழாயை அலறவிட்டார்கள். ஐந்து கட்டையில் பாடிய தலைமுறை போய், ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் நிதானமாகப் பாடும் தலைமுறை வந்தது.

வீணைக்கு மட்டும் உடனே விடிவு வரவில்லை. காலில் நிற்கும் மைக்கை அதன் எதிரே வைத்தால், பக்கத்திலிருக்கும் மிருதங்கத்தைத்தான் மைக் முதலில் கேட்டது. வீணையும் கேட்கட்டும் என்று திருகைத் திருப்பினாலோ, ‘கூ’ என்று ஊளை! மைக் வாங்கிய ஒலி குழாய் வழியே வெளியே வருகிறது. வந்ததையே மைக் மறுபடி வாங்குகிறது. சுற்றச் சுற்ற அது பெருத்துக்கொண்டே போகிறது. வதந்திக்கும் இதே குணம்தான்.

மேல்நாட்டில் கிடாருக்கும் இதே வியாதி இருந்தது. 1930-களில் அவர்கள் இரும்புத் தந்தியின் அடியில் காந்தமும் கம்பிச்சுருளும் வைத்துப் பார்த்தார்கள். ஊளை குறைந்தது, ஆனால் காந்தம் தந்தியைக் கேட்குமே தவிர, மரத்தைக் கேட்காது. மரத்தைக் கேட்கும் வழியை 1880-லேயே பிரான்ஸில் ஜாக் கியூரி, பியேர் கியூரி என்ற சகோதரர்கள் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். சில வகைப் படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்பது அவர்கள் கண்ட உண்மை. அத்தகைய வில்லை ஒன்றை வாத்தியத்தின் உடம்போடு ஒட்டினால், மரம் நடுங்கும்போதெல்லாம் அதில் மின்சாரம் நடுங்கும். காற்றில் வரும் மிருதங்கச் சத்தத்தை அது அதிகம் பொருட்படுத்தாது. முதலில் பயன்பட்ட ரோஷல் உப்புப் படிகம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் கெட்டுப்போகும். நம் ஊருக்கு அது ஆகாது. பின்னால் வந்த பீங்கான் வில்லைகள் தாக்குப்பிடித்தன. 1962-ல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் செஸ்லரும் வெஸ்டும் ‘எலெக்ட்ரெட்’ முறையை அமைத்தபின், காற்றைக் கேட்கும் மைக்கும் சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்க முடிந்தது. கிடாரின் விளிம்பிலேயே அதைக் கவ்வவைத்து விடலாம்.

வீணைக்காரர்கள் ‘கான்டாக்ட் மைக்’கை ஒட்டிக்கொண்டு மேடையேறியதும் ரசிகர்கள் இரண்டு கட்சியானார்கள். “வீணை செத்தது, கிடார் பிறந்தது” என்பது ஒரு கட்சி. அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. ஒட்டிய காது நாதத்தை மட்டும் கேட்பதில்லை; நகம் உரசுவதையும் விரல் வழுக்குவதையும்கூடக் கேட்கிறது. குடத்திலிருந்து கிளம்பிக் காற்றில் கலந்து வரும் இனிமையோ அதற்குத் தெரியாது. மற்றக் கட்சியின் வாதமும் வலுவானதுதான். தேய்ந்துபோகும் நாதம் மைக்கின் தயவால் இன்னும் சிறிது நேரம் நிற்கிறது. ஒரே மீட்டில் நீண்ட பிடியைக் காட்ட முடிகிறது. 1980-களில் யு. ஸ்ரீநிவாஸ் என்ற சிறுவர் மாண்டலினில் கர்நாடக சங்கீதம் வாசித்து நாட்டையே திரும்பிப் பார்க்கவைத்தார். அவர் கையிலிருந்தது மின்சார மாண்டலின். அந்த மின்சாரம் இல்லாவிட்டால், மீட்டிய கணத்திலேயே அடங்கிவிடும் அந்த வாத்தியத்தில் ராக ஆலாபனை ஏது?

ஆகவே, மைக் வேண்டுமா வேண்டாமா என்பது இனிக் கேள்வியே அல்ல. அதை எங்கே ஒட்டுவது, எவ்வளவு திறப்பது என்பதுதான் கேள்வி. கிடாரில் துளைக்கு நேரே வைத்தால் பானைக்குள் பேசுவதுபோல் குமுறும். கழுத்து உடம்போடு சேரும் இடத்துக்கு நேரே வைத்தால் சமனாக வரும். வீணையில் குதிரையை ஒட்டி வைத்தால் ஒலி கூர்மையாகிவிடும்; பலகையில் சற்று விலக்கினால் மென்மை திரும்பும். இதற்கு எந்திர ஞானம் மட்டும் போதாது. மைக் இல்லாமல் அந்த வாத்தியம் எப்படிப் பேசும் என்று அறிந்த காது வேண்டும்.

தனம்மாளின் அறைக்குள் பஞ்சாலைத் தொழிலாளி ஒருவன் போயிருக்க முடியாது. இன்று அவன் பேரன் கோவையில் ஒரு மண்டபத்தின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து வீணை கேட்கலாம். அவன் கேட்பது வீணைதானா என்பது திருகைப் பிடித்திருக்கிறவரின் மனச்சாட்சியைப் பொறுத்தது.