லயக் காம்பராவில் கணக்குப் பாடம்

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கணக்கப்பிள்ளை என்றொரு பதவி உண்டு. பேரேடும் பேனாவுமாக மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர் என்று தமிழகத்து வாசகர்கள் எண்ணக்கூடும். உண்மையில் மலையில் நின்று ஆட்களை வேலை வாங்குபவர் அவர். ஆயினும் பெயர் பொருத்தமானதே. தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாட் சம்பளம். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். யாருக்குப் பேர், யாருக்கு அரைப்பேர் என்பது அவர் வாய்ச்சொல்லாகத்தான் செக்ரோலுக்குப் போகும்.

பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆளில்லை என்று மலையகக் கல்வியைப் பற்றி எழுதுவோர் வழக்கமாகக் குறிப்பிடுவர். பதுளை, பசறை, ஹப்புத்தளைப் பக்கத்து லயங்களைச் சுற்றி வந்த நாள்களில் நானும் அதைப் பலர் வாயிலாகக் கேட்டிருக்கிறேன். அந்த 'ஆளில்லை' என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1921 வரை துண்டு முறை இருந்தது. இன்னாருடைய கடன் இவ்வளவு, அதைக் கட்டுகிற தோட்டம் இவரை எடுத்துக்கொள்ளலாம் என்று துரை எழுதித்தரும் சீட்டுக்குத் துண்டு என்று பெயர். வழிச்செலவு, அரிசி, கம்பளி யாவும் கடனில் ஏறும். ஆளைக் கூட்டி வந்த பெரிய கங்காணி சொன்னதே தொகை. கூட்டிப் பார்க்கத் தெரிந்த ஒருவர் லயத்தில் இருப்பது யாருக்கு இலாபம்?

1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், 6 முதல் 10 வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி தரும் பொறுப்பைத் துரைமார் மீது வைத்தது. பத்து வயதோடு நிற்கும் படிப்பில் வீதமும் விகிதமும் எங்கே வரும்? அதற்குமேல் பிள்ளைக்கு மலை காத்திருந்தது. 1929இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளத்தில், உயர்நிலத் தோட்டத்து ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பிள்ளையின் நாள் ஒன்றுக்குச் சட்டமே விலை எழுதிய காலம் அது.

இன்னொரு சங்கடம் அதிகம் பேசப்படாதது. திருச்சி, புதுக்கோட்டை, சேலத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்களுள் திண்ணைப் பள்ளியை எட்டிப் பார்த்தவர்கள் சிலராவது இருந்திருப்பர். அவர்கள் மனப்பாடம் செய்தது அரை, கால், அரைக்கால், மாகாணி என்று இரண்டிரண்டாகப் பிளந்துகொண்டே போகும் கீழ்வாய்க் கணக்கு. ரூபாவுக்குப் பதினாறு அணா என்ற ஊருக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. மாகாணி ரூபா என்றால் ஓர் அணா. இலங்கையிலோ 1872 முதலே ரூபாவுக்கு நூறு சதம். அதே மாகாணி இங்கே ஆறேகாற் சதம்! தாத்தாவின் வாய்ப்பாடு பேரனின் சிலேட்டில் ஒட்டவில்லை. வீட்டிலிருந்த கொஞ்சம் அறிவும் இப்படிக் கடலைத் தாண்டியதும் செல்லாக்காசானது.

விதிவிலக்கு, ஆசிரியர் வீடுகள். எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் 1934இல் பதுளையை அடுத்த ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தார். தந்தை தோட்டப் பாடசாலை ஆசிரியர். மகன் பின்னாளில் கொழும்பில் கணக்காளராகப் பணியாற்றினார். 2022இல் அவர் மறைந்தபோது வந்த அஞ்சலிகள் கதைகளையும் நாவல்களையும் பேசின, அது நியாயமே. தோட்டத்தில் பிறந்த ஒருவர் கணக்காளரானதையும் நான் சிறிய செய்தியாக எண்ணவில்லை.

விகிதக் கணக்கு இம்மக்களுக்கு வேறொரு வடிவில் வந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாக்கினார்கள். ஏழு பேர் போனால் நால்வருக்கு இங்கே குடியுரிமை. அண்ணன் ஏழில், தம்பி நான்கில் என்று பிரிந்த குடும்பங்கள் ஊவாவில் எத்தனையோ!

1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் வெளியிலேயே நின்றன. 1977 முதல்தான் அவை கட்டங்கட்டமாக அரசிடம் வந்தன. எண்பதுகளில் சுவீடனின் சீடா நிறுவன உதவி பதுளை மாவட்டத்துக்குக் கிடைத்தது. கட்டடங்கள் எழுந்தன. கணித ஆசிரியர் பற்றாக்குறை மட்டும் தீரவில்லை. க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதம் தவறினால் பெரும்பாலும் மேற்படிப்பின் வாசலும் அரச வேலையின் வாசலும் ஒன்றாகவே அடைபடுகின்றன.

2016ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தம் நாளுக்கு 730 ரூபா என்று அறிவிக்கப்பட்டது. பிரித்தால் அடிப்படைச் சம்பளம் 500, வரவுக்கு 60, விலைப்பங்கு 30, உற்பத்தி ஊக்குவிப்பு 140. வரவுக்கான அறுபது, வேலை கொடுத்த நாள்களில் நூற்றுக்கு எழுபத்தைந்தாவது வந்தவர்களுக்கு மட்டும். மறு ஆண்டு பசறை வீதியிலுள்ள ஒரு லயத்துக்குப் போயிருந்தேன். எட்டாம் தரத்துச் சிறுமி சதவீதக் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "ஐயா, பேப்பர்ல எழுதுறவங்கதானே, புள்ளைக்கு இத கொஞ்சம் சொல்லிக் குடுங்க" என்றார் தாய். புத்தகத்தை மூடச் சொல்லி, தாயின் சம்பளத் துண்டை வாங்கிக் கொடுத்தேன். வேலை 24 நாள், பேர் 17.

இருபத்துநான்கில் எழுபத்தைந்து வீதம் பதினெட்டு என்று பிள்ளை கண்டுபிடிக்கச் சற்று நேரமாயிற்று. பிறகு வேகம் வந்துவிட்டது. எல்லா நாளும் கொழுந்து நிறை சரி என்று வைத்துக்கொண்டோம். பதினேழு நாளுக்கு அறுபது இல்லாமல் 670 வீதம் 11,390. பதினெட்டு நாளுக்கு 730 வீதம் 13,140. வித்தியாசம் 1,750 ரூபா. விடையைப் பிள்ளை இரண்டு தடவை சரிபார்த்தாள். "ஒரு நாளுக்காம்மா?" என்றாள்.

"அன்னைக்கு உனக்குத்தானே காய்ச்சல்" என்றார் தாய்.

2019இல் அந்த அறுபதும் நூற்றுநாற்பதும் நீக்கப்பட்டு 700உடன் 50 என்றானது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக ஆயிரம் ரூபா வந்தது. வந்த கையோடு, முழுப்பேருக்கு எத்தனை கிலோ என்ற பேச்சும் தொடங்கியது. கிலோவின் அளவைச் சில தோட்டங்கள் உயர்த்தின. எட்டாத நாளுக்கு அரைப்பேர் போட்டன.